கயிற்றை அவிழ்க்காதீர்கள்: பெங்களூரின் ஞாயிறு நாய்க்குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஞாயிறு விடியலில் நாலைந்து வண்டிகளில் எட்டுப் பத்து நாய்களை ஏற்றிக்கொண்டு கனகபுரா சாலையிலும், ஆனேக்கல் வழியாகத் தளி பக்கமும் கிளம்பும் குழுக்களுக்கு இதை எழுதுகிறோம். உங்களில் நிறையப் பேர் தமிழ் பேசுகிறவர்கள். பின்சீட்டில் சிப்பிப்பாறையும் கன்னியும் ராஜபாளையமும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாலே தெரிகிறது. போவதை நிறுத்தச் சொல்ல நாங்கள் வரவில்லை. போகிற இடத்தைப் பற்றியும், அங்கே நீங்கள் அவிழ்த்துவிடும் கயிற்றைப் பற்றியும்தான் பேச்சு.

பன்னேர்கட்டா 1974 முதல் தேசியப் பூங்கா. அதன் தெற்கே ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டைக் காடுகள் தொடர்ந்து, 2014இல் தமிழ்நாடு அறிவித்த காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் வரை போகின்றன. யானைக்கு இதெல்லாம் ஒரே காடு. செல்போன் வரைபடத்தில் மெல்லிய கோடாகத் தெரிகிற வண்டித்தடம் பொதுவழி என்று நினைத்துவிடாதீர்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். நாயும் கூட இருந்தால் வழக்கு இன்னும் கனமாகும். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பது கொல்வது மட்டுமல்ல. நாய் விட்டுத் துரத்துவதும், விரட்டுவதும், அதற்கு முயல்வதும் வேட்டைதான். உங்கள் நாய் முயலின் பின்னால் ஓடுவதை நீங்களே படம் பிடித்து ஸ்டேட்டஸில் போட்டால் சாட்சிக்கு வேறு ஆள் தேட வேண்டியதில்லை. இந்தப் பக்கம் முயல் பிடிக்க வருபவர்களும் நாய்களோடுதான் வருவார்கள். வனக்காப்பாளர் உங்களையும் முதலில் அந்தக் கண்ணால்தான் பார்ப்பார். அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை.

‘எங்கள் நாய் கூப்பிட்டால் வந்துவிடும்’ என்பீர்கள். அபார்ட்மென்ட் புல்வெளியில் வரும். சிப்பிப்பாறை, கன்னி, முதோல் எல்லாம் கண்ணால் பார்த்து ஓடுகிற வேட்டை இனங்கள். முன்னால் ஒன்று எழுந்து ஓடிவிட்டால் உங்கள் குரல் அதற்குக் கேட்காது, பிஸ்கட்டும் செல்லாது. தனியாக இருந்தால் நின்று யோசிக்கும் லாப்ரடார்கூட, நாலு நாய் சேர்ந்து ஓடினால் ஐந்தாவதாக ஓடும். யானையிடம் போய்க் குரைத்த நாய் பயந்ததும் எங்கே ஓடிவரும்? உங்களிடம்தான். பின்னாலேயே யானையும் வரும். கரடியும் அப்படியே. ராமநகரம், சாவன்துர்கா பாறைப் பக்கங்களில் கரடி உண்டு. சிறுத்தைக்கோ நாய் ஓர் இரை. அந்தி சாய்ந்த பிறகு வெளியே நிற்கிற நாய் அதற்குச் சுலபம்.

விலங்குகளைவிட எங்களுக்குப் பயம் மனிதர்கள் வைத்துவிட்டுப் போகும் பொருள்கள்தான். காட்டுப்பன்றிக்காக வைக்கும் அவுட்டுக்காய் வெளியே தின்பண்டம் மாதிரி இருக்கும். கடித்ததும் வெடித்துத் தாடையையே கொண்டுபோய்விடும். தீனியைக் கண்டால் நாய் முதலில் வாயைத்தான் வைக்கும். வேலியோரப் புதர்களில் சுருக்குக் கம்பி இருக்கும். கழுத்தில் விழுந்துவிட்டால் நாய் இழுக்க இழுக்க இறுகும். அதனால் பையில் கம்பி வெட்டும் கட்டர் ஒன்று இருக்கட்டும். சோலார் வேலி கொல்லாது. ஆனால் ஷாக் அடித்த நாய் திசை தெரியாமல் ஓடிக் காணாமல் போகும். இன்னொன்றை யாரும் எதிர்பார்ப்பதில்லை: கர்நாடகக் கிராமங்களில் கிருஷி ஹொண்டா என்று வெட்டியிருக்கும் பண்ணைக்குட்டை. பக்கமெல்லாம் பிளாஸ்டிக் ஷீட் விரித்திருப்பதால் தண்ணீர் குடிக்க இறங்கிய நாய்க்கு ஏற நகம் பிடிக்காது. நன்றாக நீந்தத் தெரிந்த நாய்கூடக் களைத்து மூழ்கும். நீங்களும் இறங்கினால் உங்களுக்கும் அதே கதி. கரையிலிருந்தே கயிறு போட்டு இழுங்கள்.

நம் நாய்களால் காட்டுக்கு வரும் கேடும் உண்டு. 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் 20க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தன. அவற்றில் பலவற்றில் கண்டறியப்பட்டது நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ். செந்நாய்க்கும் நரிக்கும் அது பரவும். டிஸ்டெம்பர், பார்வோ, லெப்டோ அடங்கிய கூட்டுத் தடுப்பூசியும் ரேபிஸ் ஊசியும் காலாவதியான நாய் வண்டியில் ஏறக்கூடாது. தடுப்பூசி வரிசை முடியாத குட்டிக்கும், பருவத்தில் இருக்கும் பெட்டைக்கும் அன்று வீடுதான்.

சரி, எங்கே போவது? தொட்டபள்ளாபுரம், காட்டி சுப்ரமண்யா பக்கத்து ஏரிக்கரைகள், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு போகும் மாந்தோப்பு, தைலமரத் தோப்பு, அறுவடை முடிந்த ராகி வயல். அங்கே யானைப் பயம் குறைவு. சிறுத்தையை மட்டும் நினைவில் வையுங்கள். தளி, ஜவளகிரி பக்கம் ராகி முற்றும் நவம்பர் முதல் ஜனவரி வரை வேண்டவே வேண்டாம். இரவெல்லாம் வயலில் இருந்த யானைகள் விடிகாலையில்தான் காடு திரும்பும்; நீங்கள் வண்டியை நிறுத்தும் நேரமும் அதுதான். எந்த மாதமானாலும் வெளிச்சம் நன்றாக வந்தபின் ஏழு மணிக்குத் தொடங்கி, ஒன்பதரைக்குள் வண்டிக்குத் திரும்பிவிடுங்கள்.

ஓர் ஆளுக்கு இரண்டு நாய். அதற்கு மேல் வேண்டாம். கழுத்துப் பட்டையில் கட்டாமல் மார்புப் பட்டையில் கட்டுங்கள். இழுத்தால் தொண்டை நெரியாது. திறந்த வெளியில் 5 முதல் 10 மீட்டர் நீளக் கயிறு போதும், நாய்க்கு மோந்து பார்க்கவும் அலையவும் தாராளமாக இருக்கும். நைலான் கயிறு சரசரவென உருவும்போது உள்ளங்கைத் தோலை எடுத்துவிடும்; கையுறை போடுங்கள், கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். பட்டன் அழுத்தினால் சுருளும் கயிறு குழுவுக்கு ஆகாது. இரண்டு நாய் குறுக்கே போனாலே சிக்கிவிடும், ஓடும் நாயின் வேகத்தில் அறுந்தும் போகும். புதிய நாய்கள் இறங்கியதும் மூக்கோடு மூக்கு வைக்காமல், பத்து நிமிடம் நாலைந்து அடி இடைவெளியில் ஒரே திசையில் நடத்துங்கள். சண்டைகளில் பெரும்பாலானவை வண்டிக் கதவோரத்தில்தான் தொடங்குகின்றன. ஆட்டுமந்தை எதிரே வந்தால் ஓரமாக ஒதுங்கி, மந்தை கடக்கும்வரை நில்லுங்கள்.

கிளம்புவதற்கு நாலு மணி நேரம் முன்பே சோறு நிறுத்த வேண்டும். பெரிய மார்புள்ள இனங்களுக்குச் சாப்பிட்ட கையோடு ஓட்டம் வயிறு முறுக்கும் ஆபத்து. 20 கிலோ நாய்க்குச் சாதாரண நாளிலேயே ஒரு லிட்டர் தண்ணீர் தேவை; அரை நாள் பயணத்துக்கு இரண்டு லிட்டர் கொண்டுபோங்கள். குட்டைத் தண்ணீரில் வாய் வைக்க விடாதீர்கள். தார்ச்சாலையில் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியவில்லை என்றால் பாதமும் பொறுக்காது. பக், புல்டாக், ஹஸ்கி போன்றவற்றுக்கு மார்ச் முதல் மே வரை இந்த உல்லாசம் வேண்டாம். நாக்கு அகன்று தொங்கி, எச்சில் கெட்டியாகி, நடை தள்ளாடினால் வெப்ப அதிர்ச்சி என்று அர்த்தம். அங்கேயே தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி விசிறுங்கள். பிறகுதான் மருத்துவமனைக்கு ஓட்டம். ஈரத் துண்டைப் போர்த்தி வைத்தால் சூடு உள்ளேயே தங்கும்.

பாம்பு கடித்தால் கட்டுப் போடுவதோ கீறுவதோ கூடாது. நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். விஷமுறிவு மருந்து கையிருப்பு உள்ள மருத்துவமனை எது, அது ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா என்று சனிக்கிழமையே போன் செய்து கேட்டு வைப்பது நல்லது. கனகபுரா சாலையிலிருந்து ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போக நகரத்தையே குறுக்கே கடக்க வேண்டும்.

கோவைக்கும் ஊட்டிக்கும் நாயோடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பந்திப்பூர், சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களுக்குள் வண்டியை நிறுத்தி நாயை இறக்காதீர்கள். குண்டலுப்பேட்டையிலோ சாமராஜநகரிலோ எல்லாத் தேவைகளையும் முடித்துவிட்டு உள்ளே நுழையுங்கள். சத்தியமங்கலம் வழியில் வரும் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி எடுக்கும் நாயைக் கூண்டிலோ சீட்பெல்ட்டிலோ கட்டி, கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

வீடு திரும்பியதும் காதுக்குள், அக்குளில், வால் அடியில், விரலிடுக்கில் உண்ணி பாருங்கள். சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெயும் தீக்குச்சியும் வேண்டாம். பனிக்காலத்தில் ஊசிப்புல் விதை காதில் ஏறியிருக்கலாம். தலையை உதறிக்கொண்டே இருந்தால் அதையும் சந்தேகியுங்கள். உண்ணி மாத்திரை தவறாமல் கொடுத்திருந்தாலும், அடுத்த மூன்று வாரத்துக்குள் நாய் சோற்றைத் தொடாமல் படுத்தால், ஈறு வெளுத்தால், மூக்கில் ரத்தம் வந்தால், காட்டுக்குப் போய்வந்ததை மருத்துவரிடம் சொல்லி அன்றே ரத்தப் பரிசோதனைக்குக் கேளுங்கள்.

இப்படிக்கு,
பன்னேர்கட்டா சாலை, ஓசூர் சாலைப் பகுதிகளில் நாய் வளர்ப்பவர்களும் பழக்குபவர்களுமான சிலர்