கூடுதலாக வந்த சரக்கு இலவசம் அல்ல

ஆசிரியருக்கு,

ஆன்லைனில் ஒரு மிக்ஸி ஆர்டர் செய்தால் இரண்டு வருகிறது. கடையில் 50 மூட்டை சிமெண்ட் சொன்னால் 60 இறங்குகிறது. ‘அவங்க தப்புதானே, வெச்சுக்கலாம்’ என்பவர்கள் காட்டுவது அமெரிக்கச் சட்டத்தை. அது ஆர்டரே செய்யாதவருக்குத் தபாலில் வரும் பொருளுக்கானது. கடலூரிலும் புதுச்சேரியிலும் அது செல்லாது.

இங்கே 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம்தான். பிரிவு 37-இன்படி, கேட்ட அளவை எடுத்துக்கொண்டு மிச்சத்தை மறுக்கலாம், மொத்தத்தையும்கூட மறுக்கலாம். எல்லாவற்றையும் ஏற்றால், கூடுதலுக்கும் பேசிய விலையைக் கட்ட வேண்டும். நியாயமான காலம் கடந்தும் சொல்லாமல் வைத்திருந்தால் ஏற்றதாகவே கொள்ளும் பிரிவு 42-ஐத்தான் பலர் கவனிப்பதில்லை. மிச்சமான பத்து மூட்டையைக் கலவையில் கொட்டிவிட்டால் பிறகு வாதாட இடமில்லை.

அதற்காக நம் செலவில் திருப்பி அனுப்ப வேண்டியதும் இல்லை. ‘ஏற்கவில்லை’ என்று தெரிவித்தால் போதும் என்கிறது பிரிவு 43. ஆனால் உரியவர் வந்து கேட்கும்போது கொடுத்தாக வேண்டும் (ஒப்பந்தச் சட்டம், பிரிவு 72). அதுவரை பிரிக்காமல், நனையாமல் வைத்திருங்கள். ஐப்பசி மழையில் சிமெண்ட் மூட்டை கல்லாகிவிடும்.

சரக்கோடு வரும் டெலிவரி செல்லானில் கையெழுத்துப் போடும் முன் மூட்டையை எண்ணி, ‘60 வந்தது, 10 கூடுதல், ஏற்கவில்லை’ என்று இரு பிரதியிலும் எழுதுங்கள். ஆன்லைன் பார்சலானால் லேபிள், பில், பொருள் மூன்றையும் படமெடுத்து, சாட்டிலோ மெயிலிலோ தெரிவியுங்கள். போனில் மட்டும் சொன்னால் சாட்சி இருக்காது. செயலியில் ‘ரிட்டர்ன்’ அழுத்தாதீர்கள். அது நீங்கள் காசு கொடுத்த பொருளைத் திருப்பியதாகப் பதிவாகி, ரீஃபண்ட் வந்து கணக்கு குழம்பும். எடுக்க வருபவரிடம் பிக்கப் ரசீது வாங்காமல் பொருளைக் கொடுக்கவே கூடாது. ‘நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்’ என்று நிறுவனம் பதில் அனுப்பினால் அதையும் சேமித்து வையுங்கள்.

தெரிவித்த பிறகும் கூடுதலுக்குப் பணம் கேட்டால் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். ஆன்லைன் நிறுவனம் என்றால் அவர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு மின்வணிக விதி. அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் ஆணையத்தில் புகார்க் கட்டணம் கிடையாது.

— ஒரு வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்