மந்திக் குட்டியை மீட்கப் போக வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

'குட்டியைத் திருடும் குரங்கு' என்ற தலைப்போடு பரவும் காணொளிகளில் பல, கருமுகமும் நீண்ட வாலும் கொண்ட சாம்பல் மந்திகளில், ஒன்றன் குட்டியை மற்றப் பெண்கள் வாங்கிச் சுமக்கும் அன்றாட வழக்கத்தைத்தான் காட்டுகின்றன. அதைத் திருட்டென்று நம்பி, குறுக்கே புகுந்து குட்டியை 'மீட்பவர்கள்' அதைத் தாயிடமிருந்து நிரந்தரமாகப் பிரித்துவிடும் அபாயம் இருக்கிறது.

ராஜஸ்தானின் அபு மலையில் 1970களில் மந்திகளை ஆராய்ந்த அமெரிக்க மானுடவியலாளர் சாரா பிளாஃபர் ஹிர்டி இந்த வழக்கத்தை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். பிறந்த முதல் நாளிலேயே குட்டி பல பெண் மந்திகளின் கைக்குப் போய்விடும். உடல் கருமையாகவும் முகம் இளஞ்சிவப்பாகவும் இருக்கும் அந்தப் பருவத்தில்தான் அதன் மேல் மற்றவற்றுக்கு ஆசை அதிகம். சில மாதங்களில் மயிர் வெளிறத் தொடங்கியதும் அந்த ஆர்வம் குறைந்துவிடும். இன்னும் ஈனாத இளம் பெண்கள்தான் முந்திக்கொண்டு வரும். குட்டி கையில் இல்லாத நேரத்தில் தாய் நிம்மதியாக மேயும்.

இளசுகளுக்குக் குட்டியைச் சரியாகப் பிடிக்கத் தெரியாது. தலைகீழாகத் தூக்கும், தரையில் இழுக்கும். குட்டி வீறிடும். பல முறை ஈன்ற மூத்த பெண்களோ சீக்கிரமே அலுத்துப்போய், குட்டியை உதறித் தள்ளிவிட்டுப் போவதும் உண்டு. பார்ப்பவர் மனம் பதறுவது இயல்புதான். ஆனால் மந்திக் கூட்டத்தில் பெண்களுக்குள் உயர்வு தாழ்வு அவ்வளவு இறுக்கமாக இல்லை, பெரும்பாலும் உறவினங்கள். ஆகவே தாயால் நினைத்தபோது குட்டியைத் திரும்ப வாங்க முடிகிறது.

மக்காக் குரங்குகளில் நிலைமை வேறு. செம்முகக் குரங்கு போன்றவற்றில் பெண்களின் படிநிலை கடுமையானது. மேல்நிலைப் பெண் பிடித்துக்கொண்ட குட்டியை எளிய தாயால் மீட்க முடியாமல் போகலாம். பிடித்தவளிடம் பால் இல்லையென்றால் குட்டி நீரின்றி வாடிச் சாகும். அதனால்தான் அங்கே தாய்மார் குட்டியை எளிதில் விடுவதில்லை.

குட்டியை வைத்திருப்பது தாய்தானா என்றறிய மார்பைப் பாருங்கள். பாலூட்டுபவளின் காம்புகள் நீண்டு தெரியும், ஈனாதவளுக்குச் சிறியவை. குட்டி தரையில் தனியாகக் கிடந்தாலும் தொடாதீர்கள். முப்பது மீட்டராவது விலகி நில்லுங்கள், நாயை அப்புறப்படுத்துங்கள், கூட்டம் சேர விடாதீர்கள். ஆட்கள் சூழ்ந்து நின்றால் தாய் மரத்தை விட்டு இறங்காது. பசும்பால் புகட்டவே கூடாது; மூச்சுக்குழாயில் இறங்கிவிடக்கூடும். குட்டிக்குக் காயமிருந்தாலோ, கூட்டம் அதை விட்டு வெகுதூரம் போய்விட்டாலோ வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
காட்டுயிர் ஆர்வலர்கள், கூடலூர்