ஞாயிற்றுக்கிழமைப் பந்திக்கும் விடியற்காலை நடைக்கும் என் நன்றி

அன்பின் தோழியருக்கும் அவர்தம் வீட்டாருக்கும்,

என் எடை குறைந்துவிட்டது என்று நேற்று என் கிளினிக் கொப்பியில் வைத்தியர் எழுதியதை உங்களில் பலர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டீர்கள். நாம் எதற்குப் பயந்தோம் என்பதும், அந்தப் பயம் எவ்வளவு தூரம் விலகிவிட்டது என்பதும் நான் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. நேரில் நன்றி சொல்ல முயன்றபோது அழுகை முந்திக்கொண்டது, ஆகவே எழுதுகிறேன்.

பசியைப் பொறுத்துக்கொள்ளலாம், வேண்டியவர் வீட்டுக்குப் போய்க் கை நனைக்காமல் திரும்புவதைத்தான் என்னால் பொறுக்க முடியாமல் இருந்தது. நம் ஊரில் “இன்னும் கொஞ்சம் போடட்டோ?” என்று கேட்டு முடிப்பதற்குள் சோறு கோப்பையில் விழுந்துவிடும். கையை மறித்தால், கறி வாய்க்கவில்லையோ என்று ஆக்கியவரின் முகம் வாடும். எடையைக் குறைக்க வேண்டும் என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொன்ன பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் எல்லோரும் கூடும் அந்த வீட்டுக்குச் சாப்பாட்டு நேரம் கழிந்த பின்னரே போவது என்று நான் மனதுக்குள் தீர்மானித்திருந்தேன்.

அன்புவழிபுரத்து அம்மா அதற்கு இடம் வைக்கவில்லை. என் எடையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை, அறிவுரை சொன்னதுமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கமான நேரத்துக்கே வரச்சொல்லி ஆள் அனுப்பினார். போய் உட்கார்ந்தால், பந்தியில் இருந்த அத்தனை பேருக்கும் சிறிய கோப்பைகள் வைக்கப்பட்டிருந்தன. மகனுக்கும் மருமகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் ஒரே அளவு. முருங்கையிலை வறை முதலில் வந்தது, பிறகு பருப்பும் புளி விட்டு அவித்த சூடை மீனும் வந்தன, சோறு கடைசியாக ஒரு சின்னக் கரண்டியோடு வந்தது. “பழைய கோப்பை எங்க அம்மம்மா?” என்று பேரன் கேட்டதற்கு, “அதுகளைக் கழுவக் கை நோகுது ராசா” என்றார். நானும் அதை நம்பினேன்.

பல மாதங்கள் கழித்து, தேங்காய் திருவும் திருவலையை எடுத்துவரச் சொல்லி அவர் என்னைச் சாமான் அறைக்கு அனுப்பிய நாளில்தான், அந்தப் பெரிய கோப்பைகள் பத்திரிகைத் தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றப்பட்டு, அரிசி உரப்பை ஒன்றுக்குள் அடுக்கப்பட்டு, சுவர்த் தட்டின் மேல் இருந்ததைக் கண்டேன். கதவருகில் வந்து நின்ற அம்மா, “அது கிடக்கட்டும் பிள்ளை, நீ திருவலையை எடு” என்று மட்டும் சொன்னார்.

எனக்கு மட்டும் ஒரு சின்னக் கோப்பையை வைத்திருந்தாலும் நான் நன்றியோடுதான் சாப்பிட்டிருப்பேன். ஆனால் பந்தியில் இருந்த எல்லாக் கண்களும் அந்தக் கோப்பையின் மேல் இருந்திருக்கும். தாயும் பிள்ளையும் என்றாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். என் ஒருத்தியின் வயிற்றுக்காக வீட்டார் எல்லோருடைய கோப்பையையும் மாற்றிய ஒரு தாயை நான் கண்டுவிட்டேன். அம்மா, இதை உங்களுக்கு வாசித்துக் காட்டும்போது நீங்கள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவீர்கள் என்று தெரியும். என்றாலும் எல்லோரும் அறிய இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

சத்தாகச் சாப்பிட்டு மெலிவதற்குப் பெரிய செலவு வேண்டாம் என்று காட்டியதும் அதே அடுப்படிதான். கடைகளில் பெட்டிகளில் அடைத்து விற்பவற்றின் விலையைப் பார்த்து நான் மலைத்திருந்த நேரத்தில், கரைவலை இழுக்கும் காலத்தில் சூடையும் கீரியும் மலிவு என்றும், மாரியில் கடல் கொந்தளித்து மீன் விலை ஏறினால் கடலையும் கௌபியும் பயறும் போதும் என்றும் அங்கே கற்றுக்கொண்டேன். கீரை வேலியிலேயே நின்றது. எண்ணெயில் கிராமுக்கு 9 கலோரி இருக்க, மாச்சத்தில் 4 தான் இருக்கிறது என்று கிளினிக்கில் தாதி விளக்கியதை அம்மாவிடம் சொன்னபோது, அவர் பொரியலைக் குறைத்து அவியலைக் கூட்டினார். சொதிக்கும் இரண்டாம் பாலே போதும் என்றார். தேங்காய் எண்ணெய்ப் போத்தல் முன்பைவிட நாள்பட வந்ததில் வீட்டுக் கணக்கும் இளைத்தது.

நடக்க வந்த தோழியரே, உங்களைத் தனித்தனியே எழுதினால் மடல் முடியாது. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான வேகத்தில் நடக்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்புச் சொல்கிறது. நடக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். மிதமான வேகம் என்பதற்கு அதுவே அளவு. நீங்கள் இல்லாமல் நான் யாரோடு பேசி அந்த வேகத்தை அளந்திருப்பேன்? திருகோணமலை டச் பே கடற்கரையில் தொடங்கி, கோட்டை வாசலுக்குள் மான்களைத் தாண்டி, கோணேசர் கோயில் ஏற்றத்தில் நான் மூச்சு முட்டி நின்றபோதெல்லாம், கடலைப் பார்ப்பவர்களைப் போல நீங்களும் நின்றீர்கள். மழை நாட்களில் தன் வீட்டு விறாந்தையை எங்களுக்கு விட்டுத்தந்தவரையும், தேநீருக்குச் சீனி வேண்டாம் என்று எனக்கு முன்பே சொல்லிவைத்தவரையும், ஆசிய உடல்வாகுக்கு, உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடல் நிறைச் சுட்டெண் 23 ஐத் தொடும்போதே கவனம் வேண்டும் என்றும், இருக்கும் எடையில் 5 முதல் 10 வீதம் குறைந்தாலே இரத்த அழுத்தமும் இரத்தத்தில் உள்ள சீனியும் இறங்கத் தொடங்கும் என்றும் பொறுமையாகச் சொல்லித்தந்த தாதியையும் நான் மறக்கவில்லை.

குறைந்த எடை திரும்பி வராமல் காப்பதுதான் இனிமேல் உள்ள வேலை என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். ஆகவே நடையை நான் விடப்போவதில்லை. எனக்குச் சொல்லப்பட்டதே உங்களில் எவருக்கேனும், உங்கள் அயலில் எவருக்கேனும் சொல்லப்பட்டிருந்தால், அவரைத் தனியே விடாமல் காலை ஐந்தரைக்கு டச் பேக்கு அழைத்து வாருங்கள். எவ்வளவு மெதுவாக நடந்தாலும் அவரோடு கூட நடக்க நான் அங்கே இருப்பேன்.

என்றும் நன்றியுடன்,
உவர்மலையிலிருந்து உங்கள் தோழி