செல்லூரில் வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுக்க வந்த அக்காவுக்கு

2020 ஜூன் கடைசி. மதுரையில் மறுபடியும் முழு ஊரடங்கு. எனக்கும் கணவருக்கும் கொரோனா தொற்று உறுதியாகி ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள். வீட்டில் மாமியாரும் ஆறு வயது மகளும் மட்டும். தெருவைத் தகரம் வைத்து அடைத்தாயிற்று.

அக்கா, மாமியாரின் சர்க்கரை மாத்திரை அட்டை காலியாக இருந்ததைக் கவனித்து, கேட்காமலேயே வாங்கி வந்தீர்கள். அதைவிடப் பெரிய உதவி ஒன்று உண்டு. “அம்மா செத்துப்போவாங்களா?” என்று கேட்டவளை நீங்கள் அதட்டவில்லை. வாசலுக்கு எட்ட நின்று, உங்கள் சொந்த போனில் என் முகத்தைக் காட்டினீர்கள். பிறகு தினமும் வேலை முடிந்து போகும்போது, அன்று அவள் வரைந்த படத்தை ஜன்னல் வழியே காட்டச் சொல்லிப் பார்த்திருக்கிறீர்கள். குழந்தையின் பயத்தைக் குறிக்க எந்தக் கணக்கெடுப்புத் தாளிலும் கட்டம் கிடையாது. உங்களுக்கு அது தெரிந்திருந்தது.

உங்கள் பெயர் எங்களுக்குத் தெரியாது. அதே வீட்டில்தான் இருக்கிறோம். ஒரு நாள் சாப்பிட வாருங்கள், அக்கா.