கயிறு பிரேக் என்று சொல்பவர்களுக்கும் சேர்த்து

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பத்து நாளாக நம் பிரேக் லைனிங் பட்டறைக்குள் வருகிற ஒவ்வொருவரும் முதலில் சிரித்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். (லைனிங் என்றால் சக்கரத்து டிரம்மின் உள்பக்கம் உரசி வண்டியை நிறுத்துகிற பட்டை.) "ஏனுங்க, உங்க லைனிங்குல கயிறு திரிச்சு வெக்கறீங்களாமா?" போன வாரம் சங்ககிரி ரோட்டு டீக்கடையில் முன்பின் தெரியாத ஒருவர், நம் லைனிங்கைக் 'கயிறு பிரேக்' என்று சொல்லி ஊரெல்லாம் சுற்றுகிற ஆடியோவை எனக்கே போட்டுக் காட்டினார். அது என் பட்டறைதான் என்று சொல்லாமல் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அன்று ராத்திரிதான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

கேட்காதவர்களுக்காகச் சொல்கிறேன். தாளவாடியில் முட்டைக்கோசு ஏற்றிக்கொண்டு திம்பம் மலைப்பாதையில் இறங்கிய ஒரு மினி லாரி, 27 கொண்டை ஊசி வளைவில் பாதிகூட இறங்கவில்லை, மிதித்தாலும் பிரேக் பிடிக்கவில்லையாம். சக்கரத்தில் புகை, தேங்காய் மட்டை எரிந்த மாதிரி வாசம். பண்ணாரியம்மன் புண்ணியத்தில் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அந்த ஓட்டுநர் நமக்கு எட்டு வருட வாடிக்கை. அவர்மேல் எனக்கு வருத்தமே கிடையாது, பயந்த மனுசன் அப்படித்தான் பேசுவார். அவர் பேச்சில் பாதியை வெட்டிவிட்டு, 'கயிறு பிரேக்' என்று பெயர் வைத்து ஊர் முழுக்க அனுப்பியவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் லைனிங்கில் கயிறு இல்லை. பொள்ளாச்சிப் பக்கம் வாங்குகிற தென்னை நார் இருக்கிறது. அதுவும் நூறு கிலோ கலவைக்கு ஐந்து கிலோதான். மற்றபடி எல்லோரும் போடுகிற பாரைட்ஸ் என்கிற கனமான கல் தூள், கிராஃபைட், பித்தளைச் சீவல், ரப்பர் தூள், இவற்றைப் பிடித்து வைக்க ஃபீனாலிக் ரெசின் என்கிற, சூட்டில் இறுகுகிற பசை. இத்தனை தூளையும் ரெசின் மட்டும் கட்டிப்போட்டுவிட முடியாது. சுவருக்குக் கம்பி மாதிரி உள்ளே ஒரு நார் ஓடினால்தான் லைனிங் விரியாமல், உதிராமல் நிற்கும். பெரிய கம்பெனிகள் அதற்கு அராமிட் என்கிற செயற்கை நாரைப் போடுகின்றன. நல்ல சரக்குதான், ஆனால் விலை நம் மாதிரிப் பட்டறைக்குக் கட்டுப்படியாகாது. அதில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் தென்னை நாரை வைத்தோம். நாங்கள் செய்த மாற்றம் மொத்தமே இவ்வளவுதான்.

செடியிலிருந்து வந்த பொருளை பிரேக்கில் போடலாமா என்று கேட்கிறார்கள். முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயில் செய்கிற பவுடர் எத்தனையோ வருடமாக லைனிங்குகளில் இருக்கிறது. உங்கள் வண்டியில் இப்போது இருப்பதிலும் பெரும்பாலும் இருக்கும். அதை யாரும் 'முந்திரி பிரேக்' என்று கிண்டல் செய்ததில்லை. இன்னும் பின்னால் போனால், 1897-இல் இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் இந்தத் தொழிலை ஆரம்பித்ததே குதிரை வண்டிக்காரர்கள் பிரேக் கட்டையில் பழைய பூட்ஸைப் பொருத்தி ஓட்டியதைப் பார்த்துத்தான். அவருடைய முதல் லைனிங்குகள் பருத்தி, முடி இவற்றில் நெய்த பட்டைகள். வண்டிகளின் வேகமும் சூடும் கூடிய பிறகுதான் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) வந்தது.

அந்தக் கல்நாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. அப்பா காலத்தில் டிரம்மைக் கழற்றினால் ஏர் பைப்பை வைத்து ஊதுவோம். வெள்ளைத் தூசி முகமெல்லாம் அப்பும், அதோடே உட்கார்ந்து சோறு தின்போம். அந்தத் தூசி நுரையீரலில் தங்கி இருபது முப்பது வருடம் கழித்துக்கூடப் புற்றுநோயாகும் என்று அன்றைக்கு எங்களிடம் சொல்ல ஆளில்லை. கல்லில் வருகிற நாரை மூக்கில் ஏற்றியபோது ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. தென்னையில் வருகிற நாருக்குத்தான் இத்தனை சிரிப்பு.

சரி, நார் எரியாதா? எரியும். 250 டிகிரியைத் தாண்டினால் கருக ஆரம்பித்துவிடும், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் 300 பக்கம் போனால் ரெசினும் தாங்காது, அது எந்தக் கம்பெனி ரெசினாக இருந்தாலும் சரி. அதிலிருந்து கிளம்புகிற வாயு லைனிங்குக்கும் டிரம்முக்கும் நடுவில் நின்றுகொள்ளும், பிடிமானம் போய்விடும். மலை ஏறுகிற கியரிலேயே இறங்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னது இதற்காகத்தான். டாப் கியரில் விட்டுவிட்டு உச்சியிலிருந்து காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே வந்தால் எந்த லைனிங்கும் நாறத்தான் செய்யும். அந்த ஓட்டுநர் என்ன கியரில் வந்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்பது மரியாதையாக இருக்காது.

நாரைத் தயார் செய்வதும் லேசான வேலை இல்லை. காஸ்டிக் சோடா தண்ணீரில் ஊறவைத்து, மேலே இருக்கிற மெழுகும் தூளும் போக அலசி, வெட்டி, காயவைக்க வேண்டும். அப்போதுதான் ரெசின் அதைப் பிடிக்கும். ஈரம் மிச்சமிருந்தால் லைனிங்கைச் சூட்டில் அழுத்தி எடுக்கிற ஹாட் பிரஸ்ஸின் 150 டிகிரியில் அது ஆவியாகி உள்ளேயே கொப்புளம் கட்டும், வெளியில் பார்த்தால் தெரியாது. கையில் அள்ளிப் பார்த்தே ஈரம் சொல்லக்கூடிய ஒருவர் பதினோரு வருடம் நம்மிடம் இருந்தார். ஆடி முடிந்ததும் ஓசூர் பக்கம் நல்ல சம்பளத்துக்குப் போய்விட்டார். நல்லா இருக்கட்டும். ஐப்பசிக் கடைசியில் விடாமல் பெய்த மழையில் அடித்த சரக்கில் கொஞ்சம் அப்படி இருந்திருக்கலாம் (திம்பத்து வண்டிக்குப் போனதும் அந்த வாரத்துச் சரக்குதான்). அந்த வாரமோ அதற்கு அடுத்த வாரமோ லைனிங் மாட்டியவர்கள் வண்டியை மலைப்பக்கம் எடுக்காமல் இங்கே கொண்டுவாருங்கள். மாற்றிக் கொடுத்துவிடுகிறோம், கூலியும் வேண்டாம். இப்போது நாரை வெயிலை நம்பாமல் அடுப்பில் காயவைத்து, எடை போட்டுப் பார்த்துத்தான் கலக்குகிறோம்.

இன்னொன்று. திம்பம், வால்பாறை, கொல்லிமலை என்று வாடிக்கையாக ஏறி இறங்குகிற வண்டிகளுக்கு இனி நார் லைனிங் கிடையாது. நீங்களே கேட்டாலும் தரமாட்டோம். ஊருக்குள்ளும் சமவெளியிலும் ஓடுகிற ஆட்டோ, பால் வண்டி, பள்ளி வேன்களுக்கு எப்போதும் போல் உண்டு.

ஆடியோ சுற்றிக்கொண்டிருந்த அதே வாரத்தில் ராசிபுரத்திலிருந்து ஒரு பால் வண்டிக்காரர் வந்து, "ஊரு என்னமோ பேசட்டுங்க, எனக்கு அதையே போடுங்க" என்று வண்டியின் பிரேக் ஷூவைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அப்பா காலத்திலிருந்து வருகிறவர்கள், கடன் சொல்லிவிட்டு மறக்காமல் தீபாவளிக்கு முன்னால் கொடுத்தவர்கள், ஆடியோவை யாருக்கும் அனுப்பாமல் நேராக எனக்குப் போன் போட்டு "என்னாச்சுங்க?" என்று கேட்டவர்கள், உங்கள் எல்லோருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். நீங்கள் இல்லாவிட்டால் இந்தப் பத்து நாளில் ஷட்டரை இறக்கியிருப்பேன்.

ரெசின் விலை ஏறியிருப்பதால் தை ஒன்று முதல் செட்டுக்கு நாற்பது ரூபாய் எச்சாகும்.

மாற்ற வருகிறவர்கள் டிரம்மையும் சேர்த்துக் கொண்டுவந்தால் நல்லது. உள்ளே சூட்டில் நீலம் பாய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை நானே இருப்பேன்.

இப்படிக்கு,
பட்டறைக்காரர்,
திருச்செங்கோடு