ஒரே நாளில் வராது ஏர்பிரஷ்

ஐயா,

கடந்த ஞாயிறு இதழில், பேனா மாதிரிப் பிடித்துக் காற்றோடு பெயின்ட்டைத் தூவும் ஏர்பிரஷ்ஷால் பைக் டேங்க்கில் புலி வரையும் இளைஞரின் படம் போட்டு, 'ஒரே நாளில் ஏர்பிரஷ் கற்கலாம்' என்று எழுதியிருந்தீர்கள். புலி நன்றாகவே இருந்தது. அந்த ஒரு நாள்தான் இடிக்கிறது.

நான் நாமக்கல்லில் லாரி பெயின்டர். பாடி கட்டி வரும் வண்டிகளுக்கு 24 வருஷமாக 'முருகன் துணை'யும் தாமரையும் கழுகும் பிரஷ்ஷில் எழுதியவன். ஸ்டிக்கர் வந்தது, எழுத்து வேலை போனது. ஸ்டிக்கரால் ஆகாததைச் செய்வோம் என்று போன வருஷம், 46 வயதில், ஏர்பிரஷ் வாங்கினேன். ஒரு நாள் வகுப்புக்கும் போனேன். ஸ்டென்சிலை ஒட்டி மண்டையோடு அடிக்க வைத்து, சான்றிதழ் கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் பட்டறையில் ஸ்டென்சில் இல்லாமல் ஒரு கோடு இழுக்க வரவில்லை.

விசையை அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயின்ட். தொடங்கும்போது காற்று முதலில். முடிக்கும்போது பெயின்ட்டை நிறுத்திவிட்டுத்தான் காற்றை விட வேண்டும். இது விரலுக்குப் படியாதவரை கோட்டின் இரண்டு முனையிலும் மிளகளவு உருண்டை விழும். உங்கள் நாளிதழின் பழைய பிரதிகளில்தான் மூன்று மாதம் புள்ளியும் கோடுமாக அடித்துப் பழகினேன். பத்திகளுக்கு இடையிலுள்ள சந்துதான் எனக்கு இரட்டைக் கோடு நோட்டு. தலையங்கம் எழுதுபவர் மன்னிக்கவும்.

பெயின்ட்டைத் தின்னர் விட்டுப் பால் பதத்துக்குக் கரைக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் துப்பும். கிட்டத்தில் வைத்துக் கூடுதலாக இழுத்துவிட்டால் பூரான் கால் மாதிரி நாலாபக்கமும் ஓடும். ஏர்பிரஷ்ஷுக்குள் இருக்கும் 0.3 மி.மீ. ஊசி கீழே விழுந்து நுனி வளைந்தால் பெயின்ட் கோணலாகப் போகும். அப்படி இரண்டு ஊசி எனக்குப் போயிற்று.

முதல் வேலை, தெரிந்தவர் லாரியின் நெற்றியில் ஆஞ்சநேயர். ஐப்பசி மழை. கம்ப்ரசர் டேங்க்கில் சேர்ந்த தண்ணீரைத் திறந்துவிட மறந்திருந்தேன்; குழாயில் ஃபில்டரும் இல்லை. கன்னத்துக்கு நிழல் கொடுக்கும்போது காற்றோடு தண்ணீரும் துப்பி, இடது கண்ணிலிருந்து தாடை வரை நிறம் வழிந்தது. வண்டிக்காரர் பார்த்துவிட்டு, "என்னங்க மேஸ்திரி, சாமி அழுவுதுங்களே" என்றார். காயவிட்டு, 800 நம்பர் வாட்டர் பேப்பரில் தேய்த்து, முகத்தை முதலிலிருந்து வரைந்தேன்.

இதெல்லாம் பட்டுப் பட்டு எவனும் கற்றுக்கொள்வான். நான் எழுத வந்தது வேறு. உங்கள் படத்தில் அந்தத் தம்பி முகத்தில் கர்ச்சீப் கட்டியிருக்கிறார். படம் முடிந்ததும் பளபளப்புக்கு மேலே அடிக்கிற நிறமில்லாத பூச்சு டூ-கே கிளியர்; அது இறுகுவதற்குக் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. கர்ச்சீப்பும் தூசி மாஸ்க்கும் அதைத் தடுக்காது. அதனால் ஆஸ்துமா வரும். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலே போதும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரிக்கு இப்போது கிளியர் அடிக்கும் பட்டறையைத் தாண்டி நடந்தாலே மூச்சு இழுக்கிறது. அவரும் ஈரத்துண்டு கட்டித்தான் அடித்தார், நானும் பல வருஷம் அப்படித்தான்.

வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடிதான் முறை. அது இல்லையென்றால், குறைந்தது ஆவியைப் பிடிக்கும் கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க், முகத்தில் சந்து விடாமல் பொருந்தியதாக வேண்டும். தாடி இருந்தால் பொருந்தாது. கட்டுரையைப் படித்துவிட்டுப் படுக்கையறையில் அடித்துப் பார்க்கப்போகும் பிள்ளைகளுக்கு இதையும் நீங்கள் சொல்ல வேண்டும்: பழகுவதற்குத் தண்ணீரில் கரையும் பெயின்ட், ஜன்னலைத் திறந்து வைத்து. கிளியரை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம், பட்டறையில் கொடுத்து அடித்துக்கொள்ளலாம்.

அடுத்த முறை மாஸ்க் போட்டவரைப் படம் எடுத்துப் போடுங்கள். தம்பி முகம் தெரியாவிட்டால் என்ன, புலி தெரிகிறதே.

– லாரி பெயின்டர், நாமக்கல்
(பெயர் போட வேண்டாம். வகுப்பு நடத்தியவர் இன்னும் போன் செய்துகொண்டிருக்கிறார்.)