டிரைவர் எழுதுறவங்களுக்கு ஒரு திறந்த மடல்: அந்த டைம்ஸ்டாம்ப் எந்த கிளாக்ல எடுத்தது?

லினக்ஸ் கர்னல் டிரைவர் (ஹார்டுவேரை இயக்குற கோட்) எழுதுற நண்பர்களுக்கு வணக்கம்.

நீங்க அனுப்புற டேட்டாவை வாங்கி யூசர்ஸ்பேஸ்ல, அதாவது கர்னலுக்கு வெளிய ஓடுற புரோகிராம்ல, கணக்கு போடுற ஆள் நான். ஒண்ணே ஒண்ணு கேக்கத்தான் எழுதுறேன், ஹார்டுவேர் ஈவென்ட்டுக்கு நேரம் குறிக்கும்போது தயவுசெஞ்சு கேடைம்_கெட்_ரியல் (தேதியும் மணியும் காட்டுற ரியல்டைம் கிளாக்கைப் படிக்கிற பங்ஷன்) போடாதீங்க.

நான் வேலை பார்த்த ஒரு போர்டுல ஆர்டிசி (பவர் இல்லாதப்பவும் நேரம் காக்குற சிப்) பேட்டரி கிடையாது, பவர் போட்டா 1970 ஜனவரி 1ன்னுதான் முழிக்கும், நெட்வொர்க் கிடைச்சதும் என்டிபி (நெட்வொர்க் வழியா நேரத்தைச் சரிபண்றது) வந்து ஒரே தாவுல இன்னைக்கு தேதிக்கு கொண்டுவந்துரும். அந்த நேரம் பார்த்து ஆக்சலரோமீட்டர் (முடுக்கம் அளக்குற சென்சார்) 10 மில்லிசெகண்டுக்கு ஒரு சாம்பிள் அனுப்பிட்டு இருக்கு, டிரைவர்ல இருந்தது ரியல்டைம் கிளாக். அடுத்தடுத்த ரெண்டு சாம்பிளுக்கு நடுவுல ஐம்பது வருஷத்துக்கு மேல! முடுக்கத்தை அந்த இடைவெளியால பெருக்கித்தான் வேகம் எடுக்கணும், என்ன நம்பர் வந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. சென்சார் போச்சு, சால்டரிங் சரியில்லன்னு மூணு நாள் தேடினேன்.

தேதி தாவாத மெஷின்லயும் லீப் செகண்ட் (உலக நேரத்துல எப்பவாவது கூடுதலா சேர்க்கிற ஒரு செகண்ட்) வந்தா இந்த ரியல்டைம் கிளாக் ஒரு செகண்ட் பின்னாடி போகும், கடைசியா 2016 டிசம்பர் 31ல வந்துச்சு.

மோனோடோனிக் கிளாக் எடுத்தா பின்னாடி போகாது, பெரும்பாலான வேலைக்கு அது போதும். ஆனா சிஸ்டம் சஸ்பெண்ட் ஆனா அதுவும் நின்னுரும். தூங்கின நேரமும் கணக்குல வரணும்னா பூட்டைம் கிளாக், ஆண்ட்ராய்டு சென்சார் ஈவென்ட் எல்லாம் அதுலதான் வருது. வீடியோ ஃபார் லினக்ஸ் (லினக்ஸோட கேமரா இன்டர்ஃபேஸ்) கேமரா ஃபிரேம் பொதுவா மோனோடோனிக்ல வரும், அதனால ரெண்டையும் சேர்த்து வச்சுப் பார்க்கும்போது மெஷின் எவ்வளவு நேரம் தூங்குச்சோ அவ்வளவு நேரம் ஃபிரேமும் சென்சாரும் விலகி நிக்கும். என்டிபி மோனோடோனிக்கோட வேகத்தையும் லேசா கூட்டிக் குறைக்கும், 500 பிபிஎம் (பத்து லட்சத்துல 500 பங்கு) வரைக்கும், அதாவது ஒரு செகண்டுக்கு அரை மில்லிசெகண்ட். அதுவும் ஆகாதுங்கிற அளவெடுப்புக்கு என்டிபி தொடாத ரா கிளாக் இருக்கு.

இன்னொண்ணு, எந்த கிளாக்ங்கிறது மாதிரியே எந்த இடத்துல படிக்கிறோம்ங்கிறதும் முக்கியம். த்ரெட் ஹேண்ட்லர்ல (இன்டரப்ட் வந்தப்புறம் தனி த்ரெட்ல ஓடுற கோட்) ஐ2சி ரீடு (சென்சாரை இணைக்கிற பஸ் வழியா படிக்கிறது) எல்லாம் முடிச்சுட்டு நேரம் எடுத்தா அது ஈவென்ட் நடந்த நேரமே இல்ல, ஷெட்யூலர் உங்களை எழுப்பினதும் பஸ் காலியானதும் எல்லாம் அதுக்குள்ள கலந்துரும், அதுவும் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு அளவு. இன்டரப்ட் வந்ததும் முதல்ல ஓடுற ஹார்டு ஐஆர்க்யூ ஹேண்ட்லர்ல நுழைஞ்ச உடனே எடுத்து வச்சுக்கோங்க, ஐஐஓல (சென்சார்களுக்கான கர்னல் பகுதி) அதுக்குன்னே பங்ஷன் இருக்கு.

அதே ஐஐஓல டீஃபால்ட் ரியல்டைம்தான், ஆனா கரன்ட்_டைம்ஸ்டாம்ப்_கிளாக்னு ஒரு சிஸ்எஃப்எஸ் ஃபைல் (கர்னல் செட்டிங்கை யூசர்ஸ்பேஸ்ல இருந்து மாத்துற ஃபைல்) வச்சு எங்க கையில விட்டிருக்காங்க, அது பெரிய உதவி. ஜிபிஐஓ (சிப்போட பொதுப் பயன் பின்) ஈவென்ட் 5.7 கர்னல்லதான் மோனோடோனிக்குக்கு மாறுச்சு, அதனால இன்னைக்கும் கர்னல் வெர்ஷன் பார்த்துட்டுதான் அந்த நம்பரை நம்ப வேண்டியிருக்கு. நீங்க புதுசா எழுதுற டிரைவர்ல முதல் பேட்ச்லயே மோனோடோனிக்கோ பூட்டைமோ வச்சிருங்க, எதுன்னு டாக்குமென்டேஷன்ல ஒரு வரி எழுதிருங்க.